குப்பைத் தொட்டியில் இருநூற்றுப் பதினாலு கடிதங்கள்

உக்காருங்க சார், உக்காருங்க. ஜன்னல் மட்டும் கேக்காதீங்க, பஸ்ல முட்டி மோதிப் பிடிச்ச எடம் இது. அந்தப் பையை மேல வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்கோங்க. உள்ள கம்ப்யூட்டர்தானே? பையைப் பாத்தாலே தெரியுது. கம்ப்யூட்டர் வேலையா? நல்லாருங்க. உங்க ஆளுங்க மேல எனக்கு இருக்குற கோவத்துக்கு உங்களைப் பக்கத்துலயே உக்கார விடக்கூடாது. சரி, வந்துட்டீங்க, என்ன பண்றது.

ஓசூரா? நான் ராயக்கோட்டை வரைக்கும்தான். நகல் வாங்கப் போறேன். காணாமப் போன கடிதத்துக்கு நகல். ஒண்ணு ரெண்டு இல்ல சார், இருநூத்திப் பதினாலு. எட்டு வருஷக் கடிதம். எல்லாம் ஈமெயில்ல வந்தது, எல்லாம் ஒரே ஆள் எழுதினது. என் பொண்ணு அமுதவல்லி. அத்தனையையும் ஒரே நாள்ல, நான் வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தொலைச்சுட்டாங்க. தொலைச்சது யாரு? உங்க ஆளுங்கதான்.

என் பேரு தாண்டவராயன். ஊரு ஆத்தூர். நாலஞ்சு தாலுகா ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் வேலை பாத்து சூப்பிரண்டா ரிட்டயர்டு ஆனவன். ஒரு காகிதம் தொலைஞ்சதில்ல சார் என் கையில. ஒரு காகிதம்! எழுபத்தெட்டாம் வருஷத்துப் பட்டா விவகாரம்னு வந்து நின்னாக்கூட ரிக்கார்டு ரூமுக்குள்ள போய் கால் மணி நேரத்துல எடுத்துட்டு வருவேன். அப்படிப்பட்டவன் கடிதத்தைத் தொலைச்சுட்டு உக்காந்திருக்கேன்னா சும்மாவா?

எங்க பழக்கத்தைச் சொல்றேன் கேளுங்க. தபால் வந்தா படிக்கணும். நடவடிக்கை எடுக்க வேண்டியதுன்னா எடுக்கணும். இல்லையா, ஓரத்துல 'தகவலுக்காக'ன்னு எழுதி, முடிஞ்ச கட்டுல சேத்து ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பிடணும். மேஜை மேல ஒரு தாள் கிடக்கக் கூடாது. ஈமெயில்லயும் அதேதான் நான் பண்ணேன். படிப்பேன். டெலீட் அமுக்குவேன். நீங்க ஏன் இப்படிப் பாக்குறீங்க? அது அழியாது சார்! பழைய புரோகிராம்ல அது போய் 'டெலீட்டட்'னு ஒரு பெட்டிக்குள்ள பத்திரமா உக்காந்துக்கும். தேதிவாரியா இருக்கும். வேணும்னா திறந்து பாத்துக்கலாம். நான் தினமும் திறந்து பாப்பேனே! காலைல காபி குடிச்சதும் ஒரு தடவை, ராத்திரி சாப்பிட்டதும் ஒரு தடவை. சரிபாக்கத்தான். ரிக்கார்டுன்னா அப்பப்ப சரிபாக்கணும்ல.

எட்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. போன மாசம் ஒரு நாள் தபாலே வரல. என்னமோ இங்கிலீஷ்ல சிவப்பாக் காட்டுது. மூட்டை மாதிரி அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்குற கடைக்குப் போனேன். அங்க நஸ்ரீன்னு ஒரு அம்மா. முப்பது வயசு இருக்கும். பாத்தா, மரியாதையான பொண்ணுதான், அது வேற விஷயம். "சார், இது ரொம்பப் பழைய புரோகிராம். இனிமே இதுல தபால் எடுக்க முடியாது. கம்ப்யூட்டரைச் சுத்தமாத் துடைச்சுட்டுப் புதுசு போட்டுத் தர்றேன்"னு சொல்லிச்சு. துடைக்கிறதாம். தரையா துடைக்கிறதுக்கு?

ஒரு தாளை நீட்டிச்சு. பழசுலேருந்து புதுசுக்கு எதெது வேணும்னு டிக் பண்ணணுமாம். வந்த தபால், அனுப்பின தபால், விலாசங்கள், டெலீட்டட். நாலு கட்டம். மூணுல அதுவே டிக் போட்டு வச்சிருந்துச்சு. நாலாவது காலி. நான் கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

நீங்க சிரிக்காதீங்க சார். தெரியும், என்ன கேக்கப் போறீங்கன்னு. படிச்சுப் பாத்தீங்களான்னு கேக்கப் போறீங்க. அந்தம்மாவும் அதையேதான் கேட்டுச்சு. அந்தத் தாளைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டி, "உங்க கையெழுத்துதானே சார்?"னு. என்கிட்ட! நான் எத்தனை ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருப்பேன், படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுய்யா, அப்பறம் வந்து எனக்குத் தெரியாதுன்னு நிக்காதேன்னு. ஆனா அது வேற சார். அவங்க ஜனங்க. நான் யாரு? சக ஊழியர் மாதிரி நம்பிப் போட்ட கையெழுத்து அது. டிக் போடாம விட்டவங்க ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேக்க வேண்டாமா?

பாருங்க, பஸ் நின்னுடுச்சு. தொப்பூர் கணவாய்ல எவனோ லாரிக்காரன் குறுக்க விட்டிருப்பான். மணி என்ன? மூணா? சரியாப் பாத்துச் சொல்லுங்க. மூணு பத்து. சரி.

வீட்டுக்கு வந்து திறந்து பாத்தேன். புது புரோகிராம். பளபளன்னு இருக்கு. கீழ ஒரு குப்பைத் தொட்டி படம் போட்டிருக்கு. அதுதான் டெலீட்டட்டாம். எவன் சார் அதுக்குக் குப்பைத் தொட்டின்னு படம் வரைஞ்சவன்? அவன் வீட்டுக் கடிதத்தை அவன் குப்பைன்னு சொல்லுவானா? அமுக்கிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. வெறுமைன்னு எழுதியிருக்கு. மறுபடி அமுக்குறேன், மறுபடி வெறுமை. நாற்காலிலேருந்து எந்திரிக்க முடியல சார். வெக்கமா இருக்கு சொல்றதுக்கு, என் வீட்டுக்காரி போன அன்னிக்குக்கூட நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

என் வீட்டுக்காரி செண்பகம், அமுதா பத்தாவது படிக்கும்போது போயிட்டா. அதுக்கப்பறம் நான்தான். ஜடை பின்னினது, டப்பா கட்டினது, எல்லாம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரா என் ஆபீசுக்கு வந்துடுவா. என் மேஜை ஓரத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. ஆபீஸ்ல ஒவ்வொரு நடைமுறையும் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை மலையிலேருந்து ஒரு ஆளு நகல் வாங்க வந்தான். அஞ்சே முக்காலுக்கு ஆபீஸ் முடியும். அவன் வந்தது அஞ்சு அம்பது. நகல் ரெடியா என் மேஜை மேலயே இருக்கு. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். இந்தக் குட்டி வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வருது, "அவருக்கு திரும்பிப் போக பஸ் இருக்குமாப்பா? இருக்குமாப்பா?"ன்னு. நேரம்னா நேரம்தான்டின்னு சொன்னேன். தப்பா சார்? ஒருத்தனுக்கு அஞ்சு நிமிஷம் விட்டா நாளைக்கு ஊரே ஆறு மணிக்கு வந்து நிக்கும்.

அந்தப் பொண்ணு பரீட்சை எழுதி, முதல் தடவையே பாஸாகி, வருவாய்த் துறையிலயே வேலை வாங்கினா. நான் தெருவுல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். பதினோரு மாசம். பதினோரே மாசத்துல ராஜினாமா பண்ணிட்டு வந்து நிக்குறா. எதுக்கு? காளான் வளர்க்கப் போறாளாம்! தாசில்தார் நாற்காலில உக்கார வேண்டியவ சார், வைக்கோலை வேகவச்சுப் பையில அடைச்சு காளான் வளர்க்குறா. நான் பேசினேன். வாயில வந்ததெல்லாம் பேசினேன். அவளும் பேசினா. கடைசியா ஒண்ணு சொன்னேன்: இனிமே என்கிட்ட வாயால ஒரு வார்த்தை பேசக் கூடாது, எதுவா இருந்தாலும் எழுத்து மூலமாக் குடுன்னு. ஆபீஸ்ல கோவம் வந்தா அப்படித்தான் சொல்லுவேன். வாய்தான் அப்படிப் பழகிடுச்சு.

அவ அதைப் பிடிச்சுக்கிட்டா. போன் இல்ல, நேர்ல வரல, எழுத்து மூலமா. ரெண்டு வாரத்துக்கு ஒரு கடிதம். பிடிவாதம் பாத்தீங்களா? யாரைக் கொண்டு பொறந்திருக்கோ தெரியல. கல்யாணம் பண்ணிக்கிட்டது கடிதத்துல. பத்திரிகையையே கூட இணைச்சு அனுப்பினா. போகல. காளான் கொட்டகைல தீப்பிடிச்சது கடிதத்துல. முழங்கால்ல அடிபட்டு மூணு வாரம் படுத்திருந்தது கடிதத்துல. குழந்தை பொறந்தது கடிதத்துல.

பதிலா? எதுக்கு பதில்? அதுல நடவடிக்கை எடுக்க என்ன இருக்கு? எல்லாம் தகவலுக்காக வந்த கடிதம் சார். தகவல் வந்துச்சு, படிச்சேன், கட்டுல சேத்தேன். முறைப்படி பண்ணியிருக்கேன்.

நீங்க ஏன் வெளிய பாக்குறீங்க? என்னைப் பாருங்க.

மறுநாள் அந்தக் கடைக்குப் போய் நான் போட்ட சத்தத்துல பக்கத்து ஜூஸ் கடைக்காரன் மிக்ஸியை நிறுத்திட்டு வந்து எட்டிப் பாத்தான். நஸ்ரீன் பாவம், ரெண்டு நாள் உக்காந்து தோண்டிச்சு. துடைச்ச கம்ப்யூட்டர்லேருந்தும் கொஞ்சம் எடுக்கலாமாம். தபால் கம்பெனி பக்கம் நகல் இருக்குமேன்னு தேடிச்சு. அங்க ஒண்ணும் இல்ல. தபால் எடுத்ததும் அங்க அழிச்சிடணும்னு பழைய புரோகிராம்ல நானே சொல்லி வச்சிருந்தேன். என் வீட்டு விஷயம் அவன் கிட்ட எதுக்கு? மூணாவது நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் குடுத்துச்சு. வெறும் தலைப்பும் தேதியும். இருநூத்திப் பதினாலு தலைப்பு. உள்ள ஒரு வரி இல்ல.

"பால் காளான் முதல் அறுவடை." "மழை, கூரை ஒழுகுது." "முழங்கால்." "அப்பா, ஒரு செய்தி." "பாப்பா நிக்கிறா." இப்படியே போகுது சார். பாப்பா நிக்கிறான்னு தலைப்பு இருக்கு, அந்தப் படம் எங்க? நீலக் கவுன் போட்டுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. வாளி சிவப்பு. கைப்பிடி ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும். அது எனக்குத் தெரியும், ஆனா தாள்ல இல்லயே! நான் செத்தா அது எங்க இருக்கும்?

மன்னிச்சுக்கோங்க. சத்தமாப் பேசிட்டேன்.

அப்பறம் அந்தம்மா சொல்லிச்சு, "சார், நீங்க பதில் போட்டிருந்தா, அந்தப் பதிலுக்குக் கீழயே அவங்க எழுதினதும் இருக்கும். அனுப்பின தபால் பெட்டி அப்படியே இருக்கு. அதுலேருந்து எடுத்துடலாம்." தேடிச்சு. கேஸ் கம்பெனிக்கு எழுதினது இருக்கு, பென்ஷன் ஆபீசுக்கு எழுதினது நாப்பத்தியொண்ணு இருக்கு. அமுதாவுக்கு ஒண்ணு இல்ல. அந்தம்மா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நான் ஃபேனைப் பாத்தேன்.

"எழுதி அனுப்பாம விட்டது ஏதாவது இருக்கா சார்?"னு கேட்டு, அனுப்பின தபாலோட சேந்து வந்திருந்த இன்னொரு பெட்டியைத் திறந்துச்சு. ஒண்ணு இருந்துச்சு. நான் மறந்தே போயிருந்தேன். சத்தியமா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, "பாப்பாவுக்கு என்ன பேரு வைக்கலாம், நீங்க சொல்லுங்கப்பா, உங்க பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கேன்"னு எழுதியிருந்தா. நான் பதில் பெட்டியைத் திறந்து 'செண்பகம்'னு ஒரே ஒரு வார்த்தை அடிச்சு வச்சிருக்கேன். அனுப்பல. அதுக்குக் கீழ அவ கடிதம் முழுசா இருக்கு. இருநூத்திப் பதினாலுல அது ஒண்ணுதான் உசிரோட கிடைச்சுது.

அவ ரெண்டு மாசம் குழந்தையைப் பேர் இல்லாமலே வச்சிருந்தா. அப்பறம் அவளே வச்சுட்டா. என்ன பேருன்னு நினைக்கிறீங்க? செண்பகம். என் அனுமதி கேக்காம!

நஸ்ரீன் அதைப் படிச்சிட்டு, "ஏன் சார் அனுப்பல?"னு கேட்டுச்சு. வரைவுன்னா மேலதிகாரி பாத்து ஒப்புதல் குடுக்கணும்மா, அப்பறம்தான் அனுப்பணும்னு சொன்னேன். "வீட்டுல மேலதிகாரி யாரு சார்?"னு அது சாதாரணமாத்தான் கேட்டுச்சு. மேலதிகாரி போட்டோவுல மாலையோட தொங்குறான்னா சொல்ல முடியும்?

அப்பத்தான் சார் அது சொல்லிச்சு. "இதுக்கு ஒரே வழிதான். அனுப்பினவங்ககிட்ட எல்லாமே இருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க." எனக்கு வந்துச்சே கோவம்! நான் கேக்குறதா? வேலையை விட்டுட்டுப் போனவ அவ. அவகிட்ட நான் போய் நிக்கிறதா? உன் கடையை மூட வைக்கிறேன், கலெக்டருக்கு எழுதுறேன், கோர்ட்டுக்குப் போறேன்னு கத்திட்டு வந்துட்டேன். எழுதவும் எழுதினேன். நாலு புகார் மனு. அந்தம்மா பேர்லதான். ஒண்ணையும் தபால்ல போடல. இன்னும் போடலாம், நேரம் இருக்கு.

ஒரு வாரம் பாத்தேன். காலைல காபி குடிச்சிட்டு உக்காருவேன். வெறுமைன்னு எழுதியிருக்கும். ராத்திரி உக்காருவேன், வெறுமை. எத்தனை நாள் பாக்குறது சார் அதையே?

எழுதினேன். முறைப்படித்தான் எழுதினேன், கெஞ்சல. அனுப்புநர், பெறுநர், பொருள்: கடித நகல்கள் கோருதல். பார்வை: தங்களின் கடிதங்கள் எண் 1 முதல் 214 வரை. 'மேற்படி கடிதங்கள் புதிய மென்பொருளுக்கு மாற்றம் செய்யப்பட்டபோது காணாமற்போய்விட்டன என்பதால், அவற்றின் நகல்களை உடன் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' அனுப்புற பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி மூணு தடவை கண்ணாடியைத் துடைச்சேன். வயசாச்சுல்ல.

பதினோரு நிமிஷம் சார். பதினோரு நிமிஷத்துல பதில். எங்க ஆபீஸ்ல எந்த மனுவுக்கும் பதினோரு நிமிஷத்துல பதில் போனதா சரித்திரமே இல்ல. இருங்க, சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன், பிரிண்ட் எடுத்து. கண்ணாடியை எடுத்துக்கிறேன். கேளுங்க இந்தத் திமிரை.

'பார்வையில் கண்ட மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் கோரும் 214 கடிதங்களின் நகல்களும் தயாராக உள்ளன. நகல்கள் தபால் மூலமாகவோ மின்னஞ்சல் மூலமாகவோ அனுப்பப்பட மாட்டாது. மனுதாரர் உரிய அடையாளச் சான்றுடன், அலுவலக நேரத்துக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.' கீழ விலாசம். ராயக்கோட்டையிலேருந்து நாலு கிலோமீட்டர்.

மனுதாரர்! நான் மனுதாரராம்! இந்த வாசகம் எங்க கத்துக்கிட்டது? என் மேஜை ஓரத்துல உக்காந்து கத்துக்கிட்டது. என் பாஷையை எடுத்து என் மேலயே வீசுறா. அடையாளச் சான்று வேணுமாம். பெத்த அப்பனுக்கு! ஆதார் அசல் கொண்டு வந்திருக்கேன், ரெண்டு ஜெராக்ஸும் எடுத்து ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். அந்தக் குறை வேண்டாம்.

இன்னும் முடியல சார். கடைசியில ஒரு வரி தனியா இருக்கு. 'அப்பா, எல்லாத்தையும் படிச்சீங்களா?'ன்னு.

படிச்சீங்களாவாம்! என்ன கேள்வி சார் இது? எட்டு வருஷமா என்ன நினைச்சுக்கிட்டு இருந்தா அவ? படிக்காமத் தூக்கிப் போடுறேன்னு நினைச்சுக்கிட்டா எழுதினா? படிக்கலன்னு நினைச்சுக்கிட்டு ஒருத்தி இருநூத்திப் பதினாலு கடிதம் எழுதுவாளா? சொல்லுங்க, எழுதுவாளா? எனக்கு அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. அப்படி ஒரு கோவம்.

மனு வாங்கினா ஒப்புகைச் சீட்டு குடுக்கணும், அது சட்டம். பெற்றுக்கொண்டோம்னு ஒரு வரி. அதைக் குடுக்காத கிளார்க்கை எல்லாம் நிக்க வச்சு மானத்தை வாங்கியிருக்கேன். அதனால பதில் எழுத்து மூலமாவே கொண்டு போறேன். இந்தக் கவர் அதுதான். நஸ்ரீன் குடுத்த தலைப்பு இருக்குல்ல, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல உள்ள என்ன எழுதியிருந்தான்னு ஞாபகத்துலேருந்து எழுதியிருக்கேன். பதினெட்டுப் பக்கம். எண் எழுபத்திமூணு, கொட்டகைத் தீ, கை விரல் ரெண்டு சுட்டுக்கிச்சு, இடது கை. எண் எண்பது, பாப்பா நிக்கிறா, சிவப்பு வாளி. ஒவ்வொண்ணுக்கும் கீழ 'பெறப்பட்டது, படிக்கப்பட்டது'ன்னு எழுதிக் கையெழுத்து. இருநூத்திப் பதினாலு கையெழுத்து. சரிபாத்துக்கட்டும்.

ஏன் நின்னுடுச்சு? பாலக்கோடா? இங்க எதுக்கு டிரைவர் இறங்குறான்? டீயா! யோவ் கண்டக்டர், ஏற்கெனவே தொப்பூர்ல ஒரு மணி நேரம் போச்சு, இப்ப டீ கேக்குதா உங்களுக்கு? மணி என்ன சார்? அஞ்சு ஏழா? இங்கேருந்து ராயக்கோட்டை அரை மணி நேரம். அங்கேருந்து ஆட்டோ. எடுக்கச் சொல்லுங்க சார், நீங்களும் கொஞ்சம் சத்தம் போடுங்க, நீங்க சொன்னா கேப்பான்.

உங்களுக்குப் புரியல. அலுவலக நேரத்துக்குள்ளன்னு போட்டிருக்கா. அஞ்சே முக்கால். அவ என் பொண்ணு சார். அஞ்சு அம்பதுக்குப் போய் நின்னா, நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டான்னா?